மாப்பிள்ளையின் முதல் மான்

“காத்து எப்பவும் முதுகுல படணும், மாப்ள. அதான் முதல் பாடம்,” என்றாள் வெர்னா, செங்குத்தான சரிவில் ஒரு பைன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி.

அவளுடைய தங்கை புருஷன் லைல் பயபக்தியோடு தலையாட்டினார். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு இது முதல் மான் வேட்டை. ஆரஞ்சு மேல்சட்டையில் விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“மோப்பம் பிடிச்சிடாதா, மதினி?”

“பிடிக்கட்டுமே. பயந்து ஓடுனாத்தானே எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்?”

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், இந்த அரசாங்க மலையில் வருடம் தவறாமல் மான் அடித்த வெர்னாவுக்கே, தான் சொன்னது சற்று அதிகப்படியாகத் தோன்றியது. லைல் அதையும் விழுங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வெர்னாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. வண்டி ஏறாத மலையில் மான் விழுந்தால், கூறு போட்டு ஆளுக்குப் பாதியாக முதுகில் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பாதி மானோடு இறங்கினால் அவள் நொண்டுவது ஊருக்கே தெரிந்துவிடும்.

ஊருக்குத் தெரிந்தால் தங்கை டாட்டிக்குத் தெரியும். டாட்டிக்குத் தெரிந்தால் மறுவாரமே மலையடி வீட்டை விற்கவைத்து, நகரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் அவளைக் குடியேற்றிவிடுவாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரியும்.

வேட்டைக்கே போகாமல் இருக்கவும் வழியில்லை. வேட்டைக் காலத்தில் வெர்னா வீட்டில் உட்கார்ந்திருந்தால், உடம்புக்கு என்ன என்று பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாட்டோடு ஊரே வந்து நிற்கும். வெறும் வண்டியோடு திரும்பினாலும் கேள்விதான். பெட்ரோல் பங்க்கில் எவன் வண்டி நின்றாலும் பின்னால் எட்டிப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம்.

ஆகவே, பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. “இந்த வருஷம் மாப்ள சுடட்டும். நான் சொல்லித் தர்றேன்,” என்று பெருந்தன்மையாக அறிவித்துவிட்டாள். லைல் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஆனால் அங்கே அவர் பார்த்தது சமையல் வேலை என்று டாட்டி சொல்லியிருந்தாள்.

“அடுத்து என்ன, மதினி?”

“பேசிக்கிட்டே வாங்க. மனுஷக் குரல் கேட்டா மானுக்குப் பயம் தெளியும்.”

லைல் பேசினார். ரொட்டி மாவு பிசைவதைப் பற்றி ஒரு முகடு முழுக்கப் பேசினார். வெர்னாவுக்கு இடுப்பைவிடக் காது வலித்தது. ஒவ்வொரு மரமாகப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ‘மரத்தில் மான் உரசிய தடம் பார்க்கிறேன்’ என்று கேட்காமலே விளக்கமும் சொன்னாள்.

“தடம் இருக்கா?”

“இல்ல. அடுத்த மரத்துல பாக்கலாம்.”

மதியத்துக்குள் அந்தச் சரிவில் இருந்த மான்களெல்லாம் அடுத்த மாநிலத்துக்கே போயிருக்க வேண்டும். வெர்னா ஒரு பாறையில் சாய்ந்து, இனி இறங்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் புதரை விலக்கிக்கொண்டு ஒரு கலைமான் வந்து நின்றது. கொழுத்த மான். கூப்பிடு தூரம்கூட இல்லை. மலையிலேயே அது ஒன்றுக்கு மட்டும் ஜலதோஷம் போலிருக்கிறது.

“மதினி...” லைல் துப்பாக்கியைத் தோளில் அணைத்தார்.

வெர்னாவின் மனம் சோர்ந்துபோனது. கை தட்டி விரட்டலாம்தான். ஆனால் இத்தனை வருட வேட்டைக்காரியான அவளுக்கு, குறி பார்ப்பவன் பக்கத்தில் கை தட்ட மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் முடியவில்லை. பாதி மானின் பாரம் இப்போதே இடுப்பில் இறங்கியது.

வெடி அதிர்ந்தது.

மானுக்கு நாலு முழம் இடப்பக்கம், பட்டுப்போன மரம் ஒன்றின் நடுவில் இருந்த காசளவு கறுப்புக் கணு சில்லாகத் தெறித்தது. மான் அந்த மரத்தைப் பார்த்தது, லைலைப் பார்த்தது, மரியாதையாகப் போய்விட்டது.

“தப்பிடுச்சே!” என்று தலையில் கை வைத்தார் லைல்.

“முதல் தடவை எல்லாருக்கும் கை உதறத்தான் செய்யும், மாப்ள.” குரலில் வருத்தத்தை வரவழைக்க வெர்னா படாத பாடு பட்டாள்.

“மானைத்தான் சுமக்கல, உங்க பையையாச்சும் சுமக்கிறேன். குடுங்க.”

ஏறியதைவிட இறங்கியதுதான் அவளைக் கொன்றது. லைல் முன்னால் ஆமை வேகத்தில் இறங்கினார். புது ஆள் என்றால் இப்படித்தான் என்று அவள் உள்ளுக்குள் நிம்மதியடைந்தாள்.

பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றதும் ஊர்க்காரன் கிளெம் வந்து பின்னால் எட்டிப் பார்த்தான்.

“என்ன வெர்னா, வண்டி காலி? வயசாயிடுச்சா?”

நாள் முழுக்க மனதில் ஒத்திகை பார்த்த பதில். அவள் வாயைத் திறப்பதற்குள் லைல் கீழே குதித்துவிட்டார்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. மான் மாட்டுக் கொட்டகை கணக்கா முன்னால நின்னுச்சு. நான்தான் கோட்டை விட்டேன்.”

“ரொம்பக் கிட்டயா?”

“கல்ல விட்டெறிஞ்சாலே விழுந்திருக்கும்.”

கிளெம் சிரித்த சிரிப்பில் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். லைல் கைகளை அகல விரித்து மானின் அளவைக் காட்டினார்; ஒவ்வொரு தடவையும் அது ஒரு சுற்று பெருத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கி, கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்த வெர்னாவை ஒருவரும் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பிய பிறகு அவளுக்கு மனது கேட்கவில்லை.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊரு உங்களைக் கேலி பண்ணும், மாப்ள. வருத்தமா இருக்கா?”

லைல் ஓரமாக வண்டியை நிறுத்தினார். தன் கோட்டைச் சுருட்டி அவளுடைய இடுப்புக்கு மெதுவாக முட்டுக் கொடுத்தார். பிறகு மறுபடி வண்டியை எடுத்தார்.

“அடுத்த வருஷமும் நானே தப்பவிடுறேன், மதினி.”