படத்துப் பிள்ளை

அங்கம்மா பால் டின்னைக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோகவில்லை. ரப்பர் மரங்களுக்குள் புகுந்து ஓடைப் பக்கம் திரும்பினாள்.

விசுவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்துக் குடிக்கிறவள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு பின்னாலேயே போனான்.

அவன் அந்தப் பால் கம்பெனியின் விற்பனைக்காரன். மலாயாவின் பெக்கோக்கில் ரயிலைவிட்டு இறங்கி, தோட்டம் தோட்டமாக அலைந்து தொண்டை வற்றிப்போனவன். மற்றத் தோட்டங்களில் கொழுகொழுப் பிள்ளையின் படம் போட்ட டின் கடைப் பலகையிலேயே துருவேறிக் கிடந்தது. இங்கே மட்டும் பறந்தது. இந்த ஒரு தோட்டமும் கைவிட்டால் வேலை போய்விடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

இந்தத் தோட்டத்தில் மட்டும் விற்பதில் என்ன சூட்சுமம் என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார் சிங்கப்பூர் மானேஜர்.

பார்த்தான்.

ஓடைக்கரை நெடுகச் சின்னச் சின்ன மண்மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு காலி டின். எல்லா டின்னிலும் அதே பிள்ளை, அதே சிரிப்பு. யாரோ அதன் நெற்றியில் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள்.

அது காய்ச்சல் வருஷம். அவன் அதை நல்ல வியாபார வருஷம் என்று நினைத்திருந்தான்.

அங்கம்மா ஈரம் காயாத மேடு ஒன்றின் முன்னால் உட்கார்ந்தாள். நேற்றுப் புதைத்த மகளுக்கு இன்று பால் தெளிக்க வேண்டும். கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு பாலைக் கரைத்தாள். நிமிர்ந்தபோது, கடையில் கண்ட பால் கம்பெனிக்காரனைப் பார்த்தாள், திடுக்கிடவில்லை.

"இது பிள்ளையள் குடிக்கிற பாலெல்லோ?" என்று கேட்டான்.

"உசிரோட இருக்கிற பிள்ளைய யாருங்கய்யா படம் பிடிப்பாங்க? ஆயுசு கொறஞ்சிருமில்ல. படத்தப் பாத்ததுமே தெரிஞ்சிக்கிட்டோம், செத்த பிள்ளைங்களுக்கான பாலுன்னு. நீங்க நல்லா இருக்கணும்."

லயத்துக்காரர்கள் பார்த்த படமெல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் படங்கள்தான். அவர்கள் தப்பாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை.

அங்கம்மா டின்னைத் திருப்பி, சிரிக்கிற முகத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"பாவம், இந்தப் பிள்ளை எப்பங்க தவறிச்சு?"

அவன் வாயைத் திறந்தான். சாகவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் இந்தத் தோட்டத்திலும் ஒருத்திகூட டின்னைத் தொடமாட்டாள்.

"போன மாசம்" என்றான்.

அவள் கண் நிறைந்துவிட்டது. தன் மகளை இழந்த மறுநாள், ஊர்பேர் தெரியாத ஒரு பிள்ளைக்காக அழுதாள். மகளுக்கு ஊற்றியது போக மிச்சமிருந்த பாலைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"அதுக்கும் ஊத்திர்றேங்க. பேரு சொல்லுங்க."

எதையாவது சொல்லியிருக்கலாம். உலகத்தில் பேருக்கா பஞ்சம்? ஆனால் நாக்கு அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"ராஜசேகரன்."

அங்கம்மா அந்தப் பேரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டபடியே பாலை ஊற்றினாள். மண் அதைச் சட்டென்று குடித்துவிட்டது.

வேண்டாம் என்று தடுக்க அவனுக்குக் கை எழவில்லை. படம் பிடித்த அன்று, பிள்ளையைச் சிரிக்கவைக்கக் கிலுகிலுப்பை ஆட்டியது அந்தக் கைதான்.

ஜொகூர் பாருவில் இது பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம். அவன் மனைவி திலகம் தொட்டிலுக்குமேல் குனிந்து, அதே பேரைச் சொல்லி எழுப்பிக்கொண்டிருப்பாள்.