சிவக்காத பால் கேன்

அந்தப் பட்டறையிலிருந்த கேஸ் டார்ச்சுக்கு இரும்பை ஒட்டுவதில் இருபது வருஷப் பழக்கம். சூடு பட்டால் இரும்பு சிவக்கும், ஐயோ அம்மா என்று ஊரைக் கூட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் டார்ச் தன் தீயை ஏற்றும், இறக்கும்.

ஒருநாள் அடியில் கீறல் விழுந்த இரண்டு அலுமினியப் பால் கேன்கள் வந்தன. டார்ச் அதுவரை அலுமினியத்தைத் தொட்டதில்லை. யாரிடமாவது கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று முதல் கேன்மீது தீயை வைத்தது.

கொஞ்ச நேரத்தில் கேன், "அண்ணே, போதும்ணே. தாங்க முடியல" என்றது.

"முகத்துல ஒரு பொட்டுச் சிவப்பைக் காணோம். அதுக்குள்ள என்ன போதும்?"

"நாங்க சிவக்க மாட்டோம்ணே. எங்க உடம்பு அப்படி."

"எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், எங்கிட்டயேவா?" என்று டார்ச் தீயை இன்னும் ஏற்றியது.

கேன் மறுபடியும் "அண்ணே" என்றது. அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது. திடீரென்று அதன் அடிப்பாகம் மொத்தமும் உருகிக் கீழே விழுந்தது.

மூலையில் கிடந்த இரும்புக் கதவு, "என்னாச்சு?" என்று பதறியது.

டார்ச் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாவம்ப்பா. வலிக்குதுன்னு கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இரண்டாவது கேனைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். தீ இன்னும் மேலே படவில்லை. அதற்குள்ளேயே அது எப்படியாவது சிவந்து காட்டிவிடப் பார்த்தது.