முப்பது வினாடி

மகனின் முதல் பாட்டு, பாட்டு கேட்கும் செயலியின் தரவரிசையில் நூற்றொன்றாவது இடத்தில் நின்றது. இன்னும் ஒரே படி ஏறினால் முதல் நூறுக்குள் வந்துவிடும். இன்று மாலையோடு இந்த வாரக் கணக்கு முடிகிறது.

பாட்டைக் கேட்கச் சொல்லித் தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சிக் களைத்தவன் அப்பாவின் அறையில் எட்டிப் பார்த்தான். அவர் கைபேசியில் அதே பாட்டு. ஆரம்பித்த வேகத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"என்னப்பா பண்றீங்க?"

"உன் பாட்டைத்தான்டா கேக்கறேன். காலையிலேர்ந்து இதே வேலை."

"முப்பது செகண்டாவது ஓடினாத்தான் கேட்டதா எடுத்துப்பாங்க. இப்படிப் பாதியில நிறுத்தினா ஒண்ணுகூடக் கணக்குல வராது!"

அப்பா அவசரமாகக் கைபேசியைக் கீழே வைத்தார்.

"பெத்த அப்பாவே முழுசா கேக்கலைன்னா ஊர்ல எவன் கேப்பான்? அவ்வளவு மட்டமாவா பாடியிருக்கேன்?"

"சேச்சே! நானும் முழுசா கேக்கணும்னுதான் பாக்கறேன். முடியலடா."

"ஏன்?"

அப்பா கையைப் பிசைந்தார்.

"வீட்டிலேயே பதிவு பண்ணினதுதானே? ஆரம்பத்துல உங்கம்மா, 'கதவைச் சாத்திட்டேன், பாடுடா'ன்னு சொல்றா. அவ போனதுக்கப்புறம் அந்தக் குரல் வேற எங்கேயும் இல்லையே."

"சரி... அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீ பாட ஆரம்பிச்சுடறே."