தனியாகப் போனவன்

"கடலுக்குக் கூட ஆர் வாறது?" என்று வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள் டினோஷா.

"நிஸ்தார் நானா. போட்டடியில நிக்கிறாராம்," என்றான் ஜசிந்தன், செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்தபடி. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் நிஸ்தார் அந்நேரம் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். ஜசிந்தன் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

டினோஷா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்லித் தப்பியவர்கள் அந்தத் தெருவிலேயே குறைவு. "தனியப் போனா, மறுகா அந்த போட்ட வித்துப்போட்டுத்தான் மற்ற வேலை. சொல்லிட்டன்," என்று அரைமனதோடு வழிவிட்டாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. போன மாரிகாலத்தில் அன்ரோ தனியாக மீன்பிடிக்கப் போய், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனான். அன்ரோவும் ஜசிந்தனும் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்கள். கடல் அவர்களுக்குப் பிழைப்பல்ல, பைத்தியம். லீவு நாளென்றால் ஒரே படகில் தூண்டிலும் கையுமாகக் கிடப்பார்கள்.

அன்றைக்கும் இருவருமாகப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் கட்டிலை விட்டு எழும்பப் பஞ்சிப்பட்டு, அன்ரோ அடித்த போனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்தான் ஜசிந்தன்.

அன்றிலிருந்து விடிய முதலே அவனுக்கு முழிப்பு வந்துவிடும். காதுக்குள் அன்ரோ கூப்பிடுவான்: "ஜசி, வெளிக்கிட்டியா?" கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்துப் பார்த்தான், டொக்டர் தந்த குளிசையும் போட்டுப் பார்த்தான். குரல் விடுவதாக இல்லை. அன்ரோ தனியாகப் போன கடலுக்குத் தானும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டால்தான் இது தீரும் என்று மனதில் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது. டினோஷாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

நொச்சிமுனை வாவிக்கரையிலிருந்து படகைத் தள்ளி ஏறினான். போனைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினான். எஞ்சினை நிறுத்தும் வயரை மணிக்கட்டில் மாட்டினான். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினும் நின்றுவிடும், படகு ஆளை விட்டு ஓடாது. இதெல்லாம் இருவரும் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டவை.

கல்லடிப் பாலத்தை நெருங்கும்போதுதான் மண்மூட்டையின் நினைவு வந்தது. தனி ஆள் ஓட்டினால் முன்பக்கத்தில் ஒரு மண்மூட்டையாவது வைக்கவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினும் ஆளும் பின்னால் கனத்து, சின்னப் படகு மூக்கைத் தூக்கிவிடும். பதற்றத்தில் மூட்டையைக் கரையிலேயே விட்டுவிட்டான். ஆனாலும் படகு மட்டமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில்லாத நாள், நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டான்.

முகத்துவாரத்தில் அலை எழும்பி எழும்பி விழுந்தது. அன்ரோ எப்போதும் சொல்வதை ஜசிந்தன் நினைத்துக்கொண்டான். "அலையை நேர வாங்கு, பக்கத்தால வாங்காத. இடையில வேகத்தக் குறைக்காத." இரண்டு பெரிய அலைகளை நேருக்குநேர் ஏறி இறங்கி, வெளிக்கடலுக்கு வந்து சேர்ந்தான்.

நங்கூரத்தை முன்பக்கத்தால் இறக்கினான். பின்பக்கத்தால் இறக்கினால் அலை படகுக்குள் ஏறிவிடும். இரைக்கு றாலைக் கொளுவித் தூண்டிலை விட்டு, ஈயம் தரையில் தட்டியதும் இரண்டு கைவிரிப்பளவு தூக்கிப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு பாரை மீன் வெட்டி இழுத்தது. எழும்பி நிற்கக் கால் துடித்தாலும், இருந்த இடத்தில் இருந்தே மீனைக் களைக்கவிட்டு ஏற்றினான்.

மீன் துடித்து அடங்கியதும் அவனுக்கு அழுகை வந்தது. சுற்றிவர ஒரு படகும் இல்லை. வாய்விட்டே அழுதான்.

"மன்னிச்சுக்கொள்ளடா. உன்னத் தனிய விட்டிட்டன்."

பதில் ஏதும் வரவில்லை. இத்தனை நாளாகக் காதுக்குள் குடியிருந்த குரல்கூட வரவில்லை. அன்ரோ போய்விட்டான், இனி வரமாட்டான் என்று ஜசிந்தனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. துக்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

மத்தியானம் குசினியில் டினோஷா பாரையை வெட்டிக்கொண்டிருந்தாள். "நல்ல மீன். நிஸ்தார் நானாவுக்கும் குடுத்தீங்களா?"

ஜசிந்தனுக்கு இனியும் பொய் சொல்ல மனம் வரவில்லை. படகு போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டான்.

"புள்ள, கோவிக்காத. நானா வரல்ல. நான் தனியத்தான் போனன்."

டினோஷா கத்தியைக்கூட நிறுத்தாமல் சிரித்தாள். "பகிடி விடாதீங்க. உங்கட கதையில நம்பிக்கை இல்லாமத்தான் காலைல ஸ்கூட்டியில வந்து பாலத்தில நிண்டனான். நான் வரக்குள்ள போட் பாலத்தத் தாண்டிட்டு."

"என்னத்தக் கண்ட?" என்று கேட்டான் ஜசிந்தன்.

"நான் எவ்வளவு கூப்பிட்டும் நீங்க திரும்பியே பாக்கல்ல," என்றாள் டினோஷா. "முன்னுக்கு இருந்தவர்தான் திரும்பிக் கை காட்டினவர்."