இருபத்து மூன்று மணித்தியாலம்

முடிச்சு மாறியிருந்தது. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள், திரும்பக் கட்டியும் இருக்கிறார்கள். சாஹுல் ஹமீது திகனயில் நாற்பது வருஷம் அரிசிக் கடை வைத்திருந்தவர். தான் போட்ட முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவருக்குத் தெரியும்.

கடையில் மூட்டை வாய்க்குப் போட்ட அதே முடிச்சை இப்போது பேரன் பஹ்மியின் தாடைக்குக் கீழே போட்டு வைத்திருந்தார். பத்து மாதப் பிள்ளை. பின்மண்டையின் வலப் பக்கம் மட்டும் பலகையில் வைத்து அமர்த்தியது போலத் தட்டை. அதைச் சரிக்கட்டத்தான் தலையில் அந்த நீல ஹெல்மட். அதன் வாரில்தான் முடிச்சு.

"றிப்தா, இஞ்ச வா."

மருமகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"எத்தின மணிக்குக் கழட்டின?"

"நான் கழட்டல்ல மாமா."

"அப்ப பூனை கழட்டிச்சாக்கும். கழட்டிப்போட்டு திரும்பக் கட்டியும் வச்சிச்சாக்கும்."

அவள் தலை குனிந்தாள். "நீங்க லுஹர் தொழப் பள்ளிக்குப் போற நேரம் ரெண்டு மணித்தியாலந்தான் மாமா. புள்ள மூச்சு முட்ட அழுறான். தட்டையான எடத்திலதான் போய் இறுக்கிது. தோல் செவந்து ஈக்கி, பாருங்களேன்."

"இறுக்காம எப்பிடி உருளும்? ரொட்டி மாவ அமத்தாமத்தான் உருட்டுறியா நீ?"

நாலு மாதத்துக்கு முன் கண்டி டொக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபத்து மூன்று மணித்தியாலம் ஹெல்மட் தலையில் இருக்க வேண்டும், குளிப்பாட்ட மட்டும் ஒரு மணித்தியாலம் கழற்றலாம். ஒரு வயது தாண்டினால் எலும்பு இறுகிவிடும்.

டொக்டர் சொன்ன விலையையும் அவர் மறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் சட்டிக்கு இத்தனை லட்சமா, கொள்ளைக்காரன்கள் என்று வாசலிலேயே துப்பிவிட்டுப் படியிறங்கியவர், பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நல்ல காலம், மகள் ஸனாவின் பிள்ளைக்கும் முன்பு இதே கோளாறு. டோஹாவிலிருந்து பால்மாவும் சவர்க்காரமும் போட்டு அவள் அனுப்பிய பெட்டியில் ஹெல்மட்டும் வந்து சேர்ந்தது. அவள் மகனின் தலை நாலே மாதத்தில் முட்டை போல உருண்டுவிட்டதாம்.

பஹ்மியின் தலைதான் உருளவில்லை. போகப் போக இன்னும் சப்பையாகிற மாதிரி இருந்தது. ஏன் என்று இப்போதல்லவா விளங்குகிறது. வீட்டுக்குள்ளேயே திருட்டு.

பின்னேரம் மகன் ஹபீல் பல்லேகலயில் வேலை முடிந்து வந்ததும் கிழவர் சங்கதியைச் சொன்னார். ஹபீல் பெண்சாதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தைப் பொத்தி ஓங்கி ஒன்று கொடுத்தான்.

"நாளைக்கு டொக்டர்ட வாயாலயே கேப்போம்," என்றான். "ஒன்னாலதான் சரிவரல்ல எண்டு அவர் சென்னா, புள்ள எங்களோட. நீ மாவனல்லைக்கு ஒங்கட வீட்டுக்குப் போ."

"பால் குடிக்கிற புள்ள," என்றாள் றிப்தா.

"டின் பால் ஈக்கி," என்றார் கிழவர்.

அடுத்த நாள் வேனில் முதலில் ஏறியது அவளுடைய பேக்தான். டொக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே மாவனல்லையில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வழி முழுக்க அவள் பிள்ளையை மடியில் வைத்து, ஹெல்மட்டுக்கும் சிவந்த இடத்துக்கும் நடுவில் ஒரு விரலைச் செருகிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த கிழவர் அதைக் கண்டார்.

"கைய எடு. போற வழியிலயும் ஒன்ட வேலையக் காட்டுறியா?"

எடுத்தாள்.

டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், அதிகம் பேசமாட்டார். அவர் உட்காரக் கதிரையைக் காட்டுவதற்கு முன்பே சாஹுல் ஹமீது தொடங்கிவிட்டார்.

"ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் களவாக் கழட்டி வைக்கிறா டொக்டர். அதாலதானே சரிவரல்ல? நீங்களே இவக்கிட்டச் சொல்லுங்க."

டொக்டர் ஹெல்மட்டைக் கழற்றிப் பிள்ளையின் தலையை அளந்தார். பழைய கோப்பைத் திறந்து பார்த்தார். மறுபடியும் அளந்தார். பிறகு ஹெல்மட்டுக்குள் கையை விட்டுச் சுற்றித் தடவினார்.

"இது எங்க அளவெடுத்துச் செய்தது?"

"டோஹாவில," என்றார் கிழவர் பெருமையாக. "மகள்ட புள்ளைக்கு எடுத்தது. ஒரே ரத்தந்தானே, தலை மட்டும் வேறயாகவா இருக்கப் போகுது?"

"அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் தட்டை?"

ஹபீல் போனில் தங்கச்சி ஸனா அனுப்பிய போட்டோவைத் தேடி எடுத்தான். "இடப் பக்கம் டொக்டர்."

"தட்டையான பக்கத்தில வெறும் இடம் விட்டுத்தான் இதைச் செய்யிறது. அந்த இடத்துக்குள்ளதான் தலை வளரும். இதில இடம் விட்டுக் கிடக்கிறது இடப் பக்கம். உங்கட பிள்ளைக்குத் தட்டை வலப் பக்கம். நாலு மாசமா அதைத்தான் நெரிச்சு வச்சிருக்கிறியள். முந்தி இருந்ததைவிட மோசம்."

ஹபீல் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். கிழவர் மட்டும் விடவில்லை.

"அப்ப இவ கழட்டினது?"

டொக்டர் றிப்தாவின் பக்கம் திரும்பினார். கன்றிப்போயிருந்த கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் கூட நேரம் கழட்டி வச்சிருக்கலாமே, தங்கச்சி."