இருபதுக்கு இருபது

புதுச்சேரியிலிருந்து ஏரியைப் பார்வையிட வந்த பிரெஞ்சு சர்க்கார் அதிகாரிக்குத் தன் வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தார் அய்யாக்கண்ணு.

“ஏரி ரொம்பச் சுருங்கிட்டதா புகார் வந்திருக்கு.”

“வீண் புகாருங்க முசே. இந்த ஊர்ல எவனும் ஒரு சாண்கூட வளைச்சுப் போடல. அத்த வுடுங்க, இத்தப் பாருங்க. எம் பொண்ணு தனகோடி பள்ளிக்கூடத்துல வரைஞ்ச படம். வாத்தியாரு இருபதுக்கு இருபது போட்டாரு! நானே ஆணியடிச்சு மாட்டினேன்.”

அதிகாரி எழுந்து போய்ப் பார்த்தார். ஊரின் மேடு பள்ளமெல்லாம் கோடு கோடாகப் படத்தில் இருந்தன.

“இந்தப் பச்சை?”

“நம்ம கரும்புதான்! மூணு காணி. ஒரு மூலைகூட வுடாம வரைஞ்சிருக்கா பாருங்க.”

“அதையும் சேர்த்துச் சுத்தி வர்ற இந்த நீலக் கோடு?”

“அது... அழகுக்குப் போட்டிருப்பா.”

“இல்லப்பா” என்றாள் கதவருகே நின்ற தனகோடி. “ஒரே உயரத்துல இருக்கிற இடத்தையெல்லாம் சேர்த்தா ஒரு கோடு. நீலக் கோடு, ஏரி ரொம்பினா தண்ணி நிக்கிற உயரம். அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஏரிதான்.”

அதிகாரி பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“சின்னப் பொண்ணுங்க முசே, தப்பா வரைஞ்சிருக்கும்” என்றார் அய்யாக்கண்ணு அவசரமாக.

தனகோடியின் முகம் வாடிவிட்டது.

“தப்பா இருந்தா இருபதுக்கு இருபது போடுவாராப்பா?”