மூன்று விசில்

அலமாரியில் ஒரு பழைய கேசட் இருந்தது. ரேடியோவுக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது. அதனால் இரண்டாவது பாட்டின் நடுவே குக்கர் மூன்று விசில் அடிக்கும். "ஏங்க, காது கேக்கலையா? அடுப்பை அணைங்க!" என்று ஒரு பெண் குரல் கத்தும். கேசட்டுக்கு அது பெரிய மானக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மாசிலாமணியின் நண்பர்கள் வருவார்கள். அவரவர் வீட்டில் இப்போது கேட்கும் பாட்டை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டுவார்கள்.

"இன்னைக்கு உங்களைத்தான் போடப் போறாராம் அண்ணே," என்றது புது ஸ்பீக்கர். "விசில் வந்ததும் எல்லாரும் சிரிப்பாங்க. நாளைக்கு நீங்க பழைய பேப்பர்காரர் சாக்குக்குள்ள."

"வாயை மூடுடா, டப்பா," என்றது கேசட்.

வந்தவர்களின் பாட்டெல்லாம் ஸ்பீக்கரில் சுத்தமாக ஒலித்தன. கடைசியில் மாசிலாமணி பழைய டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டார். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது வந்தது. எங்காவது சிக்கி நின்றுவிடலாமா என்று பார்த்தது கேசட். முடியவில்லை. மூன்று விசிலும் வந்தன. குரலும் வந்தது.

யாரோ சிரித்தார்கள்.

"இதோ அணைச்சுட்டேன் செண்பகம்," என்று எழுந்த மாசிலாமணி அடுப்படிக்கே போய்விட்டார். செண்பகம் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அடுப்பில் ஒன்றும் எரியவில்லை. கூடத்தில் சிரிப்பு நின்றது.

திரும்பி வந்தவர் பாட்டை நிறுத்தி, வேறொரு பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே," என்று மெதுவாகக் கேட்டது ஸ்பீக்கர், "அந்த விசிலை இன்னொரு தடவை போடுவாரா?"

கேசட்டுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அது பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.